பெயிண்டு டப்பா

செட்டிச்சாவடியில் என் மூன்று ஏக்கரை
யாரும் வயல் என்று சொன்னதில்லை.
வெள்ளைக்கல் சுரங்கத்துக் கழிவு
மழைக்கு மழை இறங்கி வந்து
கிணற்று மேட்டைத் தாண்டிப் படிந்த இடம்.
வெயிலில் கண் கூசும்.
சோளம் விதைத்தால் முழங்கால் உயரத்தில்
மஞ்சளாகி நின்றுவிடும்,
ஃபீஸ் கட்டாத பிள்ளை
வகுப்புக்கு வெளியே நிற்பதுபோல.

வங்கியில் கேட்டார்கள்: என்ன பயிர்?
மூங்கில்.
மரமா, புல்லா?
கணினியில் இரண்டு கட்டம்தான் இருந்தது.
புல்லுதான் சார், என்றேன்.
தீவனம் என்று பதிந்துகொண்டு
அறுவடைக்கு எத்தனை மாதம் என்றார்.
அஞ்சு வருசம்.
அவர் விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது.

அறுநூறு குழி.
கடப்பாரை நுனி இரண்டு முறை பட்டறைக்குப் போய் வந்தது.
குழிக்கு இரண்டு கூடை எரு, ஒரு கூடை ஏரி வண்டல்.
நாற்பத்தேழு கன்று செத்தது,
எண்ணி எண்ணி மாற்று வைத்தேன்.
முதல் வருசம் விளக்குமாறு.
இரண்டாம் வருசம் கொஞ்சம் நல்ல விளக்குமாறு.
கேட்டவர்களிடமெல்லாம்
மண்ணுக்கடியில் வேலை நடக்குது என்றேன்.
இந்த ஊரில் மண்ணுக்கடியில் நடந்த வேலையெல்லாம்
வெடி வைத்துத்தான் நடந்தது.
யார் நம்புவார்?

மூன்றாம் ஆவணி.
சேர்வராயன் தலையில் மேகம்
இரண்டு நாள் உட்கார்ந்து எழுந்தது.
அடுத்த வாரம் தரையைப் பிளந்துகொண்டு
கூம்பு கூம்பாக வந்தது.
தோலெல்லாம் பழுப்புச் சுனை;
ஆசையாகத் தொட்டுவிட்டு
ராத்திரி முழுக்கச் சொறிந்தேன்.
நாளைக்கு ஒரு சாண்.
ஐந்தாம் நாள் மோட்டார் பெட்டிக்குமேல் தலை தெரிந்தது.

மூங்கிலுக்கு வயசு முகத்தில் தெரியாது.
ஒரே மழைக்காலத்தில் முழு உயரமும் வளர்ந்துவிட்டு
பிறகு உள்ளுக்குள் மட்டுமே முதிரும்.
குழந்தையும் கிழவனும் ஒரே தடிமன்.
ஆகவே டப்பா.
பள்ளிக்கூடத்துக்கு அடித்து மீந்த பெயிண்டு.
அந்த வருசத்துக் கழிக்கு நீலம்,
அடுத்ததுக்குச் சிவப்பு,
அதற்கடுத்ததுக்கு மஞ்சள்.
நீலத்தை வெட்டலாம்.
சிவப்பு நிற்கட்டும்.
மஞ்சளைத் தொட்ட கூலியாளுக்கு
அன்றைக்கு என்னிடம் டீ கிடையாது.

லீ பஜாரிலிருந்து ராவுத்தர் லாரியோடு வந்தார்.
கண்ணை மூடிக்கொண்டு
ஐந்து ரூபாய்க் காசால் தட்டினார்.
இது பேசுது, என்றார் நீலத்தை.
அடுத்துத் தட்டியது மஞ்சள்.
இது இன்னும் தண்ணி, பாவாயம்மா.
நிறம் பார்க்காமலே சொல்லிவிட்டார்.
எனக்குக் கொஞ்சம் கோபம், நிறைய நிம்மதி.
கழிக்கு அறுபது என்றார்.
எண்பது கேட்டேன்.
எழுபதில் டீ வந்தது.

முந்நூற்று நாற்பது கழி.
எங்கோ ஐந்தாம் மாடியில் சாரமாக நிற்கப்போகிறது.
வட்டி போக
மோட்டாருக்குக் காயில் கட்டும் காசு மிஞ்சியது.
அவ்வளவுதான்.
பெரிதாக எழுதிவிடாதீர்கள்.

வடக்கே ஒரு புதர் பருத்து
சர்வே கல்லை ஒரு விரல் சாய்த்திருந்தது.
பங்காளி மாதேசன் டேப்பும் நகலும் எடுத்து வந்தான்.
மூன்று தலைமுறையாக
எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு என்றால்
அது வரப்பைப் பற்றித்தான்.
கல்லை அசைச்சது யாரு?
கை காட்டினேன்.
குந்தி உட்கார்ந்தான்.
கிழங்கு கல்லுக்கடியில் முட்டுக் கொடுத்திருப்பதை
வெகுநேரம் பார்த்தான்.
அவன் பக்கத்து வெள்ளைத் தரையில்,
எருக்கு மட்டுமே முளைத்த தரையில்,
மூன்று கழி, நிறமில்லாமல்.

இது என்னுது.
ஆமா.
வெட்டிக்கட்டுமா?
எந்த வருசத்தது?
விழித்தான்.

டப்பாவை வேலிக்கு மேலே நீட்டினேன்.
இந்த வருசத்துக்கு வெள்ளை, என்றேன்.
வாங்கி மூடியை முகர்ந்து பார்த்தான்.
கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்து
பிரஷ் கேட்டான்.